படுத்து எழும் வண்டி

செங்கரட்டுப்பாளையத்தில் பிறந்தவனுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் நடத்தப் போகிறவன் நல்ல அசடாகத்தான் இருக்க வேண்டும். வீட்டுக்கு ஒருவராவது போர் போடும் ரிக் வண்டியில் ஏறி, ராஜஸ்தான் மணலிலும் சத்தீஸ்கர் காட்டிலும் பேர் வாயில் நுழையாத வடக்கத்தி ஊர்களிலும் பாறையைத் துளைத்துவிட்டு வந்தவர். கம்ப்ரசர் அமுக்கித் தருகிற காற்றுதான் இரும்பைப் பாறைக்குள் இறக்குகிறது, காற்றுதான் தூளை வெளியே துப்புகிறது, கடைசியில் அதே காற்றுதான் தண்ணீரைப் பீய்ச்சி நிலத்துக்காரன் முகத்தில் அடித்து அவனை அழவும் சிரிக்கவும் வைக்கிறது என்பதெல்லாம் அங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். இப்படித் தேசமெங்கும் தண்ணீர் எடுத்துக் கொடுத்த ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. எத்தனை ஆழம் போட்டாலும் பாறைத் தூள் வெறும் புகையாகத்தான் வரும். உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்க்கிறவர்கள்கூட அந்த ஊர் எல்லைக்கு வந்ததும் தேங்காயை உடைத்துத் தின்றுவிட்டுத் திரும்பிப் போவார்கள் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசுவார்கள்.

ஆகையால் நாச்சிமுத்துவின் கார் ஒரு சித்திரை மாதத்துக் காலையில், பஞ்சாயத்துத் தலைவி கோகிலத்தின் சோளக்காட்டு ஓரம், களைத்த எருது மாதிரி மெதுவாகப் படுத்தபோது, கூடி வந்தவர்கள் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். காற்றுப் பை ஓட்டை என்றார் ஒருவர். ஓட்டையாயிருந்தால் சீறுமே, சத்தமில்லையே என்றார் இன்னொருவர். கம்ப்ரசருக்கு மூச்சு வாங்குகிறது, சித்த நேரம் விடுங்கள் என்றார் மூன்றாமவர். இவர்கள் பேசி முடிப்பதற்குள் வண்டி தானாகவே எழுந்து நின்றுகொண்டது.

அந்த வண்டி நாச்சிமுத்து காசு கொடுத்து வாங்கினதல்ல. ரிக் முதலாளி ஒருவரிடம் அவன் வெகுகாலம் டிரைவராக இருந்தான்; அவர் நல்ல காலத்தில் வாங்கிய வெளிநாட்டுக் கார் அது, கருநீல நிறம், தோல் வைத்த சீட்டு, முன்பக்கம் வழவழவென்று மரம் இழைத்தது. இரும்பு ஸ்பிரிங் கிடையாது, நான்கு சக்கரமும் காற்று நிரப்பிய ரப்பர்ப் பைகளின் மேல் நின்றன. முதலாளி போய்ச் சேர்ந்த பிறகு அவர் மகன், “இதுக்கு வயசாயிருச்சுண்ணா, நிறுத்த எடமில்ல, நீங்களே வெச்சுக்குங்க” என்று சாவியைக் கொடுத்துவிட்டான். கொடுத்த வேளையோ என்னவோ, அதே வருஷம் நாச்சிமுத்துவின் மனைவி சம்பூரணத்துக்கு இரண்டு கிட்னியும் வேலையை நிறுத்திக்கொண்டன. ஒன்றுவிட்டு ஒரு நாள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் மெஷினில் படுக்க வேண்டும். பஸ் குலுங்கினால் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். அந்தக் கார் மட்டும் அவளைத் தொட்டில் மாதிரி கொண்டுபோய்ச் சேர்த்தது. பின்சீட்டில் வலது ஓரம் அவள் இடம். அதில் அவள் ஒருநாளும் செருப்போடு ஏறியதில்லை. முதலாளி வீட்டு வண்டி என்ற பழைய மரியாதையில் கதவோரம் கழற்றி, காகிதத்தில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி உட்காருவாள்.

வண்டி படுப்பதற்கு முன்னால், ஸ்டியரிங்குக்குப் பின்னே ஒரு மஞ்சள் லைட் எரியும். சின்னக் கார் படம், அதற்குக் கீழே ஒரு அம்புக்குறி. அது எரிந்ததும் நாச்சிமுத்து வண்டியை ஓரங்கட்டுவான். இன்றைக்கு எரியும், அடுத்த முறை எரியாது, அப்புறம் இரண்டு தடவை தொடர்ந்து எரியும், பிறகு மறந்துபோன மாதிரி இருக்கும். எரிந்துகொண்டே இருந்தால்கூட அவன் பழகியிருப்பான். இது எப்போது எரியும் என்று தெரியாத லைட். ஊர்ப் பாதையில் படுத்தால் சரி, என்றைக்காவது நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே, மூச்சு முட்டிக் கிடக்கிற பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு இது படுத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற ஒரே நினைப்பு அவனைத் தின்றது. சோற்றில் கை வைத்தால் அந்த லைட் தெரிந்தது. கண்ணை மூடினாலும் தெரிந்தது.

வெளிநாட்டுக் கார்களுக்கு அந்தப் பக்கத்தில் ஒரே மெக்கானிக் பைபாஸ் ரோட்டு இன்னாசி. நல்ல வேலைக்காரன், அதைவிட நல்ல வீம்புக்காரன். பழுதைக் கண்டுபிடிக்காமல் ஒரு வண்டியை வெளியே விட்டால் அவனுக்கு அன்று சோறு இறங்காது. ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தான், அது எந்தப் பழுதையும் காட்டவில்லை. காற்றுப் பைகளின் மேல் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழ் வருகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தான், வரவில்லை. உயரம் காட்டும் சென்சார்களைக் கழற்றித் துடைத்து மாட்டினான், ரிலேயை மாற்றினான், ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். வண்டியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு சங்ககிரிக்கும் பவானிக்கும் தானே ஓட்டிப் பார்த்தான். லைட் எரியவே இல்லை.

“எங்கிட்ட நல்லாத்தானுங்ணா ஓடுது. உங்ககிட்டதான் இதுக்கு ஏதோ கோவம்,” என்று சாவியைக் கொடுத்தான்.

அன்றே சம்பூரணத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பிய நாச்சிமுத்துவுக்கு, மில் வளைவு தாண்டுவதற்குள் லைட் எரிந்தது. அவன் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டான். பின்னாலிருந்து சம்பூரணம், “ஏனுங்க, எதுக்கு இப்படி வெசனப்படறீங்க? வண்டி படுத்தா எனக்கு லேசாத்தான் இருக்குது,” என்றாள்.

“உனக்கென்ன, பின்னால உக்காந்துக்கற. லைட்டப் பாக்கறவனுக்கல்ல தெரியும்,” என்று அவன் எரிந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் அன்று அவளை எடை பார்த்த நர்ஸ் இரண்டு தடவை மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு எடுக்கறதுக்குத் தண்ணியே ஏறலியேம்மா, ரத்தத்த மட்டும் சுத்தம் பண்ணி உட்டுர்றேன்,” என்றாள். நாச்சிமுத்து காதில் அது விழுந்ததா என்றால் விழுந்தது. மூளைக்கு ஏறவில்லை. அவன் மூளை முழுக்க அந்த மஞ்சள் லைட்தான் உட்கார்ந்திருந்தது.

இதற்கிடையில், சோளக்காட்டு ஓரம் வண்டி படுத்த இடத்தில் மண் ஈரமாக இருந்ததைக் கோகிலம் பார்த்துவிட்டாள். சித்திரை வெயிலில் ஈரம். அவள் கால் பெருவிரலால் கிளறிப் பார்த்தாள், மேலும் ஈரம். மறுநாளே வீட்டில் சும்மா நின்ற ரிக்கைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஐம்பது வருஷமாகப் புகையைத் தவிர வேறெதையும் கக்காத அந்த மண்ணில் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சிக்கொண்டு வந்தது. ஊரே நனைந்தது. அடுத்து வண்டி படுத்தது மாரியம்மன் கோயில் மேடு, அங்கேயும் போட்டார்கள், அங்கேயும் வந்தது. அதற்கடுத்தது, வேலிகளுக்கு நடுவே வண்டிப்பாதை திரும்புகிற இட்டேரி முனை. வெளிநாட்டுக் கார் நீரோட்டம் பார்க்கிறது என்பதில் ஊருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. தேங்காய் நிமிர்ந்து நிற்பதை நம்புகிறவர்களுக்குக் கார் படுப்பதை நம்ப என்ன கஷ்டம்? தேங்காய் பார்ப்பதைவிட இது சுத்தமான முறை என்றும், இதற்கு லைட்டெல்லாம் இருக்கிறது என்றும் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

தண்ணீர் லேசாக உப்புக் கரித்தது. அதையும் ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. பெண்கள் குழம்புக்குப் போடும் உப்பைக் குறைத்துக்கொண்டார்கள், சட்னிக்கு உப்பே போடுவதில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்தால் மனசு இளகுகிறது என்றார்கள் சிலர். வருஷக்கணக்கில் பேசாதிருந்த பங்காளிகள் வரப்பில் நின்று பேசிக்கொண்டார்களாம். ஒவ்வொரு புதுப் போரிலும் முதல் குடம் தண்ணீரை, குடத்துக்கு மஞ்சள் தடவி, வண்டிக்காரர் வீடு என்ற மரியாதைக்கு நாச்சிமுத்துவின் வாசலில் கொண்டுவந்து வைத்தார்கள். சம்பூரணத்துக்கோ ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீருக்கு மேல் கூடாது என்று டாக்டர் உத்தரவு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, குடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“இது எனக்குத் தெரிஞ்ச தண்ணியாட்ட இருக்குதுங்க,” என்றாள்.

“எல்லாத் தண்ணியும் தெரிஞ்ச தண்ணிதான். கைய எடு, டாக்டர் வெய்வாரு,” என்றான் நாச்சிமுத்து.

பிறகு ஊர் அவனைப் பிடித்துக்கொண்டது. எங்கள் காட்டுக்கு ஒருதரம் வண்டியைக் கொண்டுவா என்று கூப்பிடாதவர்கள் இல்லை. சாயங்காலங்களில் அவனும் போனான். உழவு ஓட்டுகிற மாதிரி காட்டில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டினான். வண்டி படுக்கவில்லை. இதற்கும் ஊர் காரணம் கண்டுபிடித்தது: அது நல்ல காரியத்துக்குப் போகும்போதுதான் அருள் தரும், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாருங்கள், அப்போதுதான் படுக்கிறது. கோகிலம் பஞ்சாயத்தைக் கூட்டி முறை வைத்தாள். திங்கட்கிழமை வடக்கு வளவுக் காடுகள் வழியாக, புதன்கிழமை மேற்கே, வெள்ளிக்கிழமை தோட்டத்துப் பாதை. ஊரோடு ஒத்து வாழ வேண்டியவன், நாளைக்கு ஒரு ஆத்திரம் அவசரம் என்றால் நாலு பேர் வேண்டுமே என்று நாச்சிமுத்து தலையாட்டினான். நேராகப் போனால் கொஞ்ச நேரத்தில் போகிற ஆஸ்பத்திரிக்குக் காடு காடாகச் சுற்றிக்கொண்டு போனான். வரப்போரம் ஆட்கள் கை கூப்பி நிற்பார்கள். பின்சீட்டிலிருந்து சம்பூரணம் அவர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வருவாள். ஒருவர்கூட அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை. எல்லோர் கண்ணும் சக்கரத்தின் மேலேயே இருந்தது.

அப்படிச் சுற்றிப் போன ஒரு வெள்ளிக்கிழமை, மேட்டாங்காட்டு நடுவில் வண்டி படுத்தது. எப்போதும் எழுந்துகொள்கிற நேரம் தாண்டியும் எழவில்லை. நாச்சிமுத்து திரும்பிப் பார்த்தான். சம்பூரணம் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அசையாமல் கிடந்தாள். கூப்பிட்டான். பதிலில்லை. கதவைத் திறந்துகொண்டு பின்னால் ஓடி அவள் கன்னத்தைத் தட்டினான், தோளைப் பிடித்து உலுக்கினான், “அம்மிணி, அம்மிணி” என்று கத்தினான். அவள் மெல்லக் கண்ணைத் திறந்து, “நல்லாத் தூங்கிட்டிருந்தனுங்க. எத்தன நாளாச்சு இப்படித் தூங்கி,” என்றாள். அவன் வரப்பில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். இனி ஊராவது தண்ணீராவது, இந்த லைட்டை அணைத்தால்தான் எனக்கு உயிர் என்று முடிவு செய்தான். லைட் அணைந்தால் மாரியம்மனுக்கு நூற்றியெட்டுத் தேங்காய் உடைப்பதாக அங்கேயே மஞ்சள் துணியில் காசு முடிந்து வேண்டிக்கொண்டான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இன்னாசியை முன்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டான். லைட் எரிந்தது. இன்னாசி அதை முதன்முறையாகப் பார்த்தான். வெகுநாள் தேடிய திருடனைப் பார்த்த போலீஸ்காரன் முகம் அவனுக்கு. வண்டி படுத்ததும் சக்கர இடுக்கில் கையை விட்டுக் காற்றுக் குழாயின் ஒரு இணைப்பைத் தளர்த்தினான். காற்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர் கொட்டியது. அன்று பிற்பகலே வண்டியைப் பட்டறையில் தூக்கி நிறுத்திப் பிரித்துப் போட்டான். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்ச வைத்திருக்கும் டப்பா ஊறிப்போய்க் கிடந்தது. அங்கிருந்து குழாயைப் பிடித்துக்கொண்டே போனான். அது பின்சீட்டுத் தரைக்குள் நுழைந்தது. தரைத் துணியை வெட்டிப் பார்த்தான். வலது பக்கம், உட்காருகிறவர் கால் வைக்கிற இடத்துக்கு நேர் கீழே, குழாயில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை.

“பாத்தீங்களாண்ணா? காத்து இதுல வெளிய போகல. வெளிய இருக்கற ஈரத்த இது உள்ள இழுக்குது. அந்த ஈரந்தான் பையில போய்த் தேங்குது, வண்டி உக்காருது, லைட் எரியுது.” அவன் சொன்னது அத்தனையும் சரிதான். எந்த ஈரம் என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

புதுக் குழாய் போட்டான், புது டப்பா போட்டான். வெட்டுப்பட்ட தரை அசிங்கமாகத் தெரிந்ததால் மேலே கெட்டியான ரப்பர்ப் பாய் ஒன்றை, புள்ளி புள்ளியாகக் குமிழ் வைத்தது, விரித்துக் கொடுத்தான். வேலை முடிந்த வண்டிக்குப் புதுப் பாய் விரித்துத் தருவது இன்னாசி பட்டறையின் வழக்கம். சம்பூரணம் ஏறி உட்கார்ந்து காலை வைத்ததும், “பழைய தரையே நல்லாருந்துச்சுங்க, இது காலுக்குச் சேரல,” என்றாள். “போகப் போகச் சரியாப் போயிரும்,” என்றான் நாச்சிமுத்து. மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தான். ஊரில் யாரும் தேங்காய்ச் சில்லைப் பொறுக்க வரவில்லை. கோகிலம் மட்டும் வந்து நின்று, “அக்கா உசுரு முக்கியந்தாண்ணா. நாங்க என்ன சொல்ல முடியும்?” என்றுவிட்டுப் போனாள்.

லைட் எரியவில்லை. நாச்சிமுத்து நிம்மதியாகச் சாப்பிட்டான். அந்த நிம்மதிக்கு ஆயுசு குறைச்சல்.

முதலில் இட்டேரி முனைப் போர் புகை கக்கியது. அடுத்து கோயில் மேடு. சம்பூரணத்தின் கால் வீங்கத் தொடங்கியதும் அந்த வாரம்தான். கால் வீங்கி, முழங்கால் வீங்கி, முகம் உப்பி, கண் இடுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் மெஷின் தண்ணீரை இழுத்தால் ரத்த அழுத்தம் சரேலென்று விழுந்தது. இருதயம் தாங்காது, இனி அதிகம் இழுக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்தார். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது. படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று இரவும் பகலும் உட்கார்ந்தே இருந்தாள். கோகிலத்தின் சோளக்காட்டுப் போரும் வற்றிய அன்று, வராந்தாவில் உட்கார்ந்திருந்த நாச்சிமுத்துவிடம் நர்ஸ் வந்து கேட்டாள்.

“முன்னெல்லாம் சில நாள் தண்ணியே ஏறாம வருவாங்களே, அன்னிக்கெல்லாம் என்ன குடுத்தீங்க? மூலிகை எதாச்சும் குடுத்திருந்தா மறைக்காம சொல்லுங்க.”

ஒன்றும் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். அன்றெல்லாம் என்ன நடந்தது? அன்றெல்லாம் லைட் எரிந்தது. வண்டி படுத்தா எனக்கு லேசா இருக்குது என்று அவள் சொன்னாள். எனக்குத் தெரிஞ்ச தண்ணி என்று சொன்னாள். பழைய தரையே நல்லாருந்துச்சு என்றாள். ஒன்றுவிடாமல் எல்லாம் சொன்னாள், பாவி மனுஷன் நான்தான் ஒன்றையும் கேட்கவில்லை என்று அந்த வராந்தாவிலேயே நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

இன்னாசியின் பட்டறைக்கு ஓடினான். “இன்னாசி, அந்தப் பழுதத் திருப்பிக் குடு,” என்றான்.

இன்னாசி நடந்ததைக் கேட்டு முடிக்கும்வரை ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. கேட்டு முடித்ததும் எழுந்து பழைய சாமான் குவியலுக்குள் இறங்கினான். தன் கையால் வீசியெறிந்த ஓட்டைக் குழாயைத் தன் கையாலேயே தேடியெடுத்தான். ஊறிப்போன டப்பாவையும் எடுத்தான். வாழ்நாளில் முதன்முறையாக நல்ல சாமானைக் கழற்றிவிட்டுக் கெட்ட சாமானை மாட்டினான். அப்போது அவன் கண் கலங்கியிருந்தது. எல்லாம் பழையபடி வைத்தான். வெட்டுப்பட்ட தரையை மூடிப் பாயையும் ஒழுங்காக விரித்தான்.

லைட் எரியவில்லை.

ஊருக்கு விஷயம் தெரிந்தது. கோயில் மேட்டில் கூடியவர்களிடம் நாச்சிமுத்துவே சொன்னான். யாரும் இதை நம்ப மறுக்கவில்லை. காரின் நீரோட்டத்தை நம்பியவர்கள் இதையும் நம்பினார்கள். “அப்போ நாங்க குடிச்சது?” என்று யாரோ ஒரு பெண் கேட்டாள். குழம்புக்கு உப்புப் போடாமல் சமைத்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவரவர் வீட்டில் மிச்சமிருந்த தண்ணீரை யாரும் குடிக்கவும் இல்லை, கொட்டவும் மனம் வரவில்லை. தட்டுப் போட்டு மூடிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தார்கள். வாயும் வயிறும் காய்ந்துகொண்டு வெளியே வந்தவர்கள், பிறகு அந்த ஊர்க்காரர்கள் செய்யக்கூடியதைச் செய்தார்கள். வண்டியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நாலு மூலையிலும் ஆள் தொங்கிக் குலுக்கினார்கள். கம்ப்ரசர் மேல் ஈரச் சாக்குப் போட்டார்கள். மேடு பள்ளமாகப் பார்த்து ஓட்டச் சொன்னார்கள். வேப்பிலை கட்டினார்கள். தரைப் பாய் ஒன்றைத் தவிர அந்த வண்டியில் அவர்கள் கை படாத இடமில்லை. லைட் எரியவே இல்லை. எரியாதே எரியாதே என்று வேண்டிய அதே மாரியம்மனிடம் போய் எரியச் சொல் என்று கேட்கும்போது நாச்சிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. அம்மன் ஏற்கெனவே தேங்காயை வாங்கிக்கொண்டவள்.

சம்பூரணம் வார்த்தை வார்த்தையாகத்தான் பேச முடிகிறது என்று ஆன காலையில், டாக்டர் உடனே கொண்டுவரச் சொன்னார். வந்தாலும் ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சொன்னார். நாலு பேர் தாங்கி அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள். அந்த நிலையிலும் அவள் செருப்பைக் கழற்றச் சொன்னாள். வீங்கிய காலில் செருப்பே இல்லை என்று நாச்சிமுத்து சொல்ல வேண்டியிருந்தது.

“வழியில வண்டிக்கு ஏதாச்சும் ஆனா?” என்று கேட்டுக்கொண்டு கோகிலம் வந்தாள். பின்னாலேயே இரண்டு ரிக் லாரிகளைக் கிளப்பச் சொல்லியிருந்தாள். “எங்களுக்குத் தண்ணி வேணுங்கறதும் நெசந்தாண்ணா. அக்கா வேணுங்கறதும் நெசந்தான். போங்க, பின்னால வர்றோம்.”

நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும், “கால்... மரத்துப்போச்சுங்க,” என்றாள் சம்பூரணம்.

ஓரம் கட்டி, பின்கதவைத் திறந்து, அவள் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். உள்ளங்கால் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குழி. ரப்பர்ப் பாயின் குமிழ்கள் ஒவ்வொன்றும் வீங்கிய சதையில் அப்படியே பதிந்திருந்தன. தேய்த்தான், குழி மேலே வரவில்லை. பாயைப் பார்த்தான். காலைப் பார்த்தான். ஊர் முழுக்க வண்டியைக் குலுக்கியது, இன்னாசி குவியலில் இறங்கித் தேடியது, தான் கோயிலில் நின்று கெஞ்சியது எல்லாம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பாயைப் பிய்த்து இழுத்துச் சாலையோரப் பள்ளத்தில் எறிந்தான். வெட்டுப்பட்ட தரைத் துணிக்கடியில் பழைய குழாய் தெரிந்தது. அதன் மேல் அவளுடைய இரண்டு காலையும், சாமி முன்னால் படையல் வைக்கிற மாதிரி, மெல்ல எடுத்து வைத்தான்.

பிறகு ஓட்டினான். கண் சாலையில் இல்லை, ஸ்டியரிங்குக்குப் பின்னே லைட் எரிய வேண்டிய அந்த இருட்டுக் கண்ணாடியிலேயே இருந்தது. பாலம் வந்தது, ஒன்றுமில்லை. மில் வந்தது, ஒன்றுமில்லை. அவன் வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது. வளைவு திரும்பி, ஆஸ்பத்திரிப் பக்கம் பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால், லாரிகளும் பஸ்களும் நெருக்கிக்கொண்டு போகிற நட்டநடு நெடுஞ்சாலையில், எந்த இடத்தை நினைத்து அவன் இத்தனை மாதம் பயந்து செத்தானோ அதே இடத்தில், மஞ்சள் லைட் எரிந்தது.

பிரேக்கை மிதித்தான். வண்டி வலது பின்பக்கமாகச் சாய்ந்து, மெல்ல மெல்ல இறங்கி, சாலையின் நடுவில் வயிறு தரையில் படப் படுத்தது. பின்னால் ஹார்ன்கள் அலறின. நாச்சிமுத்து கீழே குதித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சாலையின் குறுக்கே நின்றான். “போவாதீங்க, தொந்தரவு பண்ணாதீங்க, சித்த நேரம், சித்த நேரம்” என்று வந்தவர் போனவரையெல்லாம் கெஞ்சினான். அவனுக்குப் பின்னால் இரண்டு ரிக் லாரிகளும் வந்து, சாலையை அடைத்துக் குறுக்கே திரும்பி நின்றன. மேலேயிருந்து இறங்கிய ஊர்க்காரர்கள் கையைக் கோத்துக்கொண்டார்கள். கோகிலம் ஒரு பஸ்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டு நகர மறுத்தாள். வண்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து, தார்ச் சாலையில் கோடாக ஓடிவந்து நாச்சிமுத்துவின் காலை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது. அவன் குனிந்து பார்க்கவில்லை, விலகவும் இல்லை.

“ஏனுங்க” என்று உள்ளேயிருந்து ஒரு முழுக் குரல் வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தான். முகம் இன்னும் உப்பித்தான் இருந்தது. ஆனால் மூச்சு வயிறு வரைக்கும் போய் வந்தது. சம்பூரணம் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எக்கி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் பின்சீட்டிலேயே வந்தவள், வீட்டிலும் ஊரிலும் பட்டறையிலும் கோயிலிலும் இவ்வளவு பாடுபடுத்திய அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள்.

“இதுதானுங்களா?”

“ஆமா.”

“இத்தினியூண்டுதானா?” என்றாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அடுத்த முறை அது எரியுமா என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நாச்சிமுத்து பயத்தோடு கையை உள்ளே நீட்டினான், எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை, இஞ்சினை நிறுத்தவோ என்னவோ. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எரியட்டும் உடுங்க,” என்றாள்.